அரை மூச்சு

1

அன்று ஒத்திகை அறையில் இருந்தவர்கள்: செல்லோ வாசிக்கும் நான், வயோலா வாசிக்கும் என் தம்பி, முதல் வயலின் வாசிக்கும் அவன் மகள், இரண்டாம் வயலின் வாசிக்கும், பல் டாக்டரான என் சம்பந்தி, கதவருகே நின்றபடியே பேசிய அரங்க மேலாளர். வேறு யாரும் இல்லை.

இல்லாதவர்கள்தான் அதிகம் பேசுகிறார்கள். இந்தக் கதை பிறந்தது அதனால்தான். எங்கள் வீட்டைப் பற்றிக் கதை வேண்டுமென்றால் நானே எழுதித் தருகிறேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: நரம்பிசைப் போட்டியின் இறுதிச் சுற்றில் தம்பி மகள் வில்லை உயர்த்தியபோது அரங்கமே மூச்சை அடக்கிக்கொண்டு...

(அடக்கவில்லை. பின்வரிசையில் ஒருவர் மிட்டாய்த் தாளைப் பிரித்துக்கொண்டிருந்தார். அந்த வரியை அடித்துவிட்டேன்.)

நடந்தது இது. மெதுவான பகுதி முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில், துணைக்கு வாசித்த பியானோக்காரர் சரியாக நுழைந்தார். எங்கள் பெண் அரை மூச்சு பிந்தினாள். பாடம் மறந்துவிட்டது என்று நடுவர்கள் எண்ணினார்கள். பரிசு போயிற்று.

மறக்கவில்லை. என் தம்பிக்குக் காது மந்தம். எங்கள் நால்வர் குழுவில், அவன் வில் நரம்பைத் தொடும்வரை மற்ற மூவரும் காத்திருப்போம். பேசி வைத்துக்கொண்டதல்ல, பழகிப்போனது. மேடையில் இல்லாத அப்பாவுக்காக அவள் காத்திருந்தாள்.

(காது விஷயத்தை எழுதலாமா என்று தம்பியிடம் கேட்டேன். "எழுதுங்கண்ணா, கொஞ்சம் சத்தமா எழுதுங்க" என்றான்.)

3

(மேலாளரைக் கெட்டவராக்கிப் பார்த்தேன். ஒட்டவில்லை. ஈரக் குடையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே பிடித்திருந்த மனிதர்.)

"அடுத்த மாசம் நம்ம அரங்கத்துல உங்க கச்சேரி இருக்குங்க. போட்டியில ஆன மாதிரி இங்கயும் ஆகக்கூடாது பாருங்க. வயோலாவுக்கு மட்டும் வேற ஆள் போட்டுக்கலாமே சார்," என்றார்.

தம்பி வயோலாவைப் பெட்டிக்குள் வைத்தான். "சரிதாண்ணா. நான் விலகிக்கிறேன். இவ எதிர்காலம் முக்கியம்."

"என் எதிர்காலத்தையும் சேத்துப் பெட்டியில வைக்காதீங்கப்பா," என்றாள் மகள். "போட்டியில காத்திருந்தது என் தப்பு. திருத்திக்கிறேன். இங்க காத்திருக்கிறது தப்பில்ல."

"எனக்கும் அந்த இடைவெளி வேணும்மா," என்றார் பல் டாக்டர். "பக்கம் திருப்ப அப்பத்தான் நேரம் கிடைக்குது."

மேலாளர் என்னைப் பார்த்தார்.

"வந்தா நாலு பேரா வருவோம்," என்றேன். "இல்லன்னா மேடைய வேற யாருக்காவது குடுங்க."

4

மேலாளர் ஒப்புக்கொள்வதாக ஒரு முடிவு எழுதினேன். வேறு குழுவை அழைப்பதாக இன்னொன்று. இதை எழுதும்வரை அவரிடமிருந்து பதில் இல்லை. வாசகர் விரும்பியதை எடுத்துக்கொள்ளலாம். எதுவானாலும் நாளை காலை ஒத்திகை உண்டு.

ஒன்றை மட்டும் வாசகரிடம் விடமாட்டேன். என் தம்பி குழுவிலிருந்து விலகிவிட்டதாக ஒரு பேச்சு உலவுகிறது. விலகவில்லை. வயோலா வாசிப்பவன் அவன்தான்.