வெட்டிக் கொடுத்த நான்கு மாத்திரைகள்

1

கண்ணுகளா, கிட்ட வந்து உட்காருங்கள், ஒரு கதை சொல்கிறேன். இது எனக்கு மருந்துக்கடையில் கிடைத்தது. பிரஷர் மாத்திரை வாங்கப் போனேன். கடைக்காரம்மா பெட்டியைக் கைபேசியால் ஸ்கேன் செய்த பிறகே பிரித்தார். எந்தத் தொழிற்சாலை, எந்த பேட்ச், எந்தத் தேதிவரை, எல்லாம் திரையில் வந்து நின்றன. மலைத்துப்போனவள், மாத்திரையை அங்கேயே விட்டுவிட்டு வந்து எழுத உட்கார்ந்துவிட்டேன்.

2

‘முடிச்சூரில் மழை கொட்டிய ஒரு…’

(வேண்டாம். முடிச்சூர் என்றாலே எல்லோரும் வெள்ளத்தைக் கொண்டுவந்துவிடுகிறார்கள்.)

முடிச்சூரில் மருந்துக்கடை வைத்திருக்கும் ஷரீஃபா, ஸ்கேன் செய்யாமல் எதையும் விற்கமாட்டாள். இன்று காலை விற்றுவிட்டாள். சவுரிமுத்து ஆட்டோவை அணைக்காமலே அவசரப்படுத்தினார்: மனைவி ரோஸிக்கு வலிப்பு மாத்திரை, நாலு. வெட்டிக் கொடுத்தாள். அவர் போனபின் ஸ்கேன் செய்தால், திரையில் ஒரு காலாவதித் தேதி, பெட்டியில் வேறொன்று.

(வெட்டிய துண்டில் பேட்ச் எண் இல்லை; அது கடையில் மிஞ்சிய துண்டில். வாங்கியவருக்குத் தெரிய வழியே கிடையாது.)

3

இங்கே அவளைச் சந்தேகப்பட்டேன். ‘யாருக்குத் தெரியப்போகிறது என்று ஷரீஃபா…’

அந்த வாக்கியத்தை முடிக்க அவள் விடவில்லை. ஷட்டரை இறக்கிவிட்டு ஆட்டோ ஸ்டாண்டுக்கு ஓடினாள்.

“அண்ணா, அந்த மாத்திரைய திருப்பிக் குடுங்க. போலி மாதிரி இருக்கு. என் தப்புதான், பாக்காம வெட்டிட்டேன்.”

“இன்னாம்மா, வித்த சரக்க திருப்பிக் கேட்டுகினு வர்ற! ஊர்லயே மொத ஆளு நீதான்!” சிரித்தவர் முகம் மாறியது. “ரோஸி ஒண்ணு முழுங்கிட்டு மறைமலை நகர் வேலைக்குக் கெளம்பிச்சே. ரயில் ஸ்டேஷன்ல கீது. போனு வூட்லயே கெடக்குது.”

“அவங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டேன். நல்ல மாத்திரை கைல இருக்கு.”

“ஏறு!”

ஆட்டோ பறந்தது. வழியெல்லாம் அவள் போனில்: பெட்டி எந்த மொத்தக் கடையிலிருந்து வந்தது, அதே பேட்ச் வேறெங்கே போனது. மருந்து ஆய்வாளருக்குச் சொல்லியாயிற்று. பொழிச்சலூரில் இரண்டு கடைகள் அந்த பேட்சை அலமாரியிலிருந்து இறக்கிவிட்டன.

(என்ன பெண் இவள்! நானா எழுதினேன்?)

4

ஒரு முடிவு: ரயில் வருமுன் ரோஸியைப் பிடித்துவிடுகிறார்கள். இன்னொன்று: ‘பிளாட்பார ஓரத்தில் ரோஸியின் கால்…’

மாட்டேன். அவளை இழுத்துவந்து பெஞ்சில் உட்காரவைத்துவிட்டேன். ஷரீஃபா மூச்சிரைக்கப் படி இறங்கிக்கொண்டிருக்கிறாள். செங்கல்பட்டு ரயில் நான் எழுதினால்தான் வரும், எழுதப்போவதில்லை. நீங்கள் வரவழையுங்கள், கண்ணுகளா. அவள் கடைசிப் படியும் இறங்கட்டும், பிறகு.

உங்கள் வீட்டுக்குள் வரும் மருந்து மருந்தாகவே இருக்கட்டும். அதை விழுங்கிவிட்டு வேலைக்குப் போனவர்கள் சாயங்காலம் சிரித்தபடி வாசல் ஏறட்டும்.