அலசி ஊற்றிய ஒயின்

தென் பிரான்ஸின் மிஸ்திரால் காற்று ஒயின் கிடங்குக் கதவைப் போட்டு உலுக்கிக்கொண்டிருந்தது. மேசையில் மூன்று ஜாடிகள், மூன்று திராட்சை வகைகளின் ஒயின்; மூன்றையும் கலந்தால்தான் அந்த வீட்டு ஒயின். ஒனோரினுக்கு அவை மூன்றும் மூன்று ஆட்கள். கிரெனாஷ், ஸ்பெயினிலிருந்து மலை தாண்டி வந்து ஒட்டிக்கொண்ட வாயாடி. பழ வாசனையோடு பார்த்த மாத்திரத்தில் கட்டிக்கொள்ளும். சிரா, ரோன் ஆற்றின் மேல்கரையிலிருந்து இறங்கி வந்த மிடுக்கன்; கிட்டே போனால் மிளகு மணக்கும். மூர்வெத்ரும் ஸ்பெயின் கடலோரத்து ஆள்தான், ஆனால் உம்மணாமூஞ்சி. தோல், புகை என்று ஒரு நெடி. வெயில் போதாவிட்டால் பழுக்க மாட்டேன் என்று அடம் பிடிக்கும்.

அந்த அடம்தான் இப்போது அதற்கு எமனாக வந்திருந்தது. தோட்டத்தில் சரிபாதிப் பங்குள்ள தம்பி சிப்ரியான், கீழ்ச்சரிவு மூர்வெத்ர் கொடிகளைப் பிடுங்க நாளைக் காலைக்கு டிராக்டருக்குச் சொல்லிவிட்டான்.

"அது இல்லாம கலந்து பாருக்கா. உன் வாய்க்கு நல்லாயிருந்தா பிடுங்கிடுவோம். இல்லேன்னா விட்டுடறேன்."

ஒனோரினுக்கு அந்தக் கொடிகள்மேல் உயிர். ஆனால் ருசி விஷயத்தில் பொய் சொல்ல அவளுக்கு வராது. தம்பிக்கும் அது தெரியும், பாவி.

அந்த வீட்டில் அளவுக்குழாயில் தண்ணீர் படக்கூடாது, ஒயினால்தான் அலசுவார்கள். கை போன ஜாடியிலிருந்து ஊற்றி அலசி, அரைகுறையாகக் கவிழ்த்துவிட்டு, கிரெனாஷையும் சிராவையும் அளந்து கலந்தாள். குடித்தாள். அவள் முகம் விழுந்துவிட்டது.

"நல்லாயிருக்குடா," என்றாள். "ரொம்ப நல்லாயிருக்கு."

சிப்ரியான் தன் குழாயைக் கிரெனாஷால் அலசி, அதே அளவில் கலந்து குடித்தான். வெற்றிச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

"இதையா நல்லாயிருக்குன்னே? ஜாம் மாதிரி இருக்கு. தொண்டையில ஒண்ணுமே நிக்கலையே."

"உனக்கு ஜலதோஷம்."

"உனக்குத்தான் வயசாயிடுச்சு."

கோப்பைகளை மாற்றிக்கொண்டார்கள். இருவரும் ஒரு வாய் குடித்தார்கள். அதே ஜாடிகள், அதே அளவு. அவள் கோப்பையில் மட்டும் கடைசியில் ஒரு புகை நின்றது.

ஒனோரினுக்கு மண்டை குடைந்தது. கோப்பையை மாற்றிப் பார்த்தாள், மூக்கைச் சிந்திவிட்டு முகர்ந்தாள். மறுபடி கலந்து பார்க்கலாமென்று குழாயை எடுத்தாள். கை தானாக மூர்வெத்ர் ஜாடிக்குப் போனது. அங்கேயே நின்றது.

"டேய்... நான் இதுலதான்டா அலசினேன்."

"எதுக்கு அதுல?"

"எதுக்கா? யாருக்கும் வேண்டாம்னு ஆயிடுச்சே. நல்லதை ஏன் வீணாக்கணும்னுதான்."

சொல்லும்போதே அவளுக்கு வெட்கமாக இருந்தது. கொடிக்காகச் சண்டை போட்டவளே அதைக் கழுவுதண்ணியாக்கியிருக்கிறாள்.

சிப்ரியான் நம்பவில்லை. தன் கோப்பையில் மூர்வெத்ரை ஒரு கரண்டி விட்டுக் கலக்கி, கண்ணை மூடிக் குடித்தான். விழுங்கிய பிறகும் வெகுநேரம் கண்ணைத் திறக்கவில்லை. பிறகு ஃபோனை எடுத்து டிராக்டர்காரரைக் கூப்பிட்டான்.

"நாளைக்கு வர வேண்டாம்ண்ணே. இல்லை, மழையெல்லாம் இல்லை. எங்க மேலதான் தப்பு."

ஃபோனை வைத்துவிட்டு, அடுத்த கலவைக்காகக் குழாயை மூர்வெத்ரால் அலசப் போனான். ஒனோரின் ஜாடியை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

"கிரெனாஷ்ல அலசுடா. இதை இனிமே அளந்துதான் ஊத்தணும்."