கண் கடலூரில், பல் திண்டிவனத்தில்

ஓய்வுபெற்ற அரசு ஊழியர் தம்பதிகளுக்கான காப்பீட்டில் ஒருவருடைய கண்ணும் மற்றவருடைய பல்லும்தான் சேரும் என்பதால், திண்டிவனம் தணிகாசலம் வீட்டில் மனைவி பார்ப்பது என்றும் கணவர் மெல்லுவது என்றும் முடிவாயிற்று.

இதில் பெரிய வாக்குவாதம் எதுவும் நடக்கவில்லை. இந்திராணி நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வுபெற்றவள். காலமெல்லாம் அடுத்தவர் வழக்குகளை அடித்தும் அவள் கண் கெடவில்லை. பல்தான் முன்னதாகவே பாதி போயிருந்தது. தணிகாசலம் நெடுஞ்சாலைத் துறையில் சாலை ஆய்வாளராக வெயிலில் நின்றவர். ஜல்லிப் புழுதியும் தார்ப் புகையும் அவர் பார்வையை மங்க வைத்திருந்தன. ஆனால் பல் ஒவ்வொன்றும் கருங்கல். கரும்பைக் கடித்தே தோலுரிப்பார்.

விழுப்புரம் காப்பீட்டு அலுவலகத்தில் ரெஜினா என்ற பெண் இவர்களுடைய விஷயத்தைக் கவனித்தாள்.

“கண்ணு மேடத்தோடது, பல்லு சாரோடது. அப்படித்தானே?”

“ஆமாம்மா,” என்றார் தணிகாசலம்.

“மேடம் பாக்கறது ரெண்டு பேருக்கும் தெரியும். சார் மெல்றது ரெண்டு பேருக்கும் சேரும். ஒத்து வரலேன்னா பொங்கலுக்கு அப்புறம் வாங்க, பிரிச்சுடலாம். பிரிச்சா ஆளுக்கு ஒரு கண்ணு, பாதிப் பல்லு.”

இந்திராணியிடம் மிச்சமிருந்த பற்களை ஒரு டப்பாவில் வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்கள். தணிகாசலத்தின் பார்வையை எப்படி வாங்கினார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. வாங்கும்போது அவரால் பார்க்க முடியவில்லை.

முதல் சில மாதங்கள் நன்றாகவே போயின. அவர் முகம் மழிக்கும்போது அவள் எதிரில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு அவரைப் பார்த்தாள். அவர் மாடிப்படி இறங்கும்போது படிகளைப் பார்த்தாள். சாப்பாட்டு வேளையில் அவர் மெல்ல, அவள் கூடத்தில் உட்கார்ந்தபடியே, “ரசத்துக்கு உப்பு பத்தல,” என்றோ, “அந்த அப்பளத்த இன்னும் கொஞ்சம் நொறுக்குங்க,” என்றோ சொல்வாள். காப்பியையும் மோரையும் மட்டும் அவளே குடித்துக்கொண்டாள்.

பிறகு அவள் வேறு பக்கம் பார்க்கத் தொடங்கினாள்.

பின்கட்டு முருங்கை மரத்தில் ஓர் அணில் இருந்தது. இந்திராணி காலையிலிருந்து அதையே பார்த்தாள். அடுத்த வீட்டுக் கொடியில் காயும் புடவைகளைப் பார்த்தாள். இத்தனை வருஷமும் தாளையே பார்த்திருந்த கண், இப்போது தனக்குப் பிடித்ததை எல்லாம் தேடித் தேடிப் பார்த்தது. தணிகாசலம் குளியலறைக்குள் நின்று அணிலைப் பார்த்தார். செருப்பைத் தேடிக்கொண்டே அணிலைப் பார்த்தார். கதவு நிலையில் நெற்றி இடித்தபோதும் அவருக்குத் தெரிந்தது அணில்தான். தன்னைப் பார்த்தே வெகு நாளாகிவிட்டது என்று ஒருநாள் அவருக்கு உறைத்தது.

“ஏம்மா, என்னை நீ பாக்கறதே இல்லையே?” என்றார்.

“பாத்துட்டுதானே இருக்கேன்.”

“இல்லே. பாத்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும்.”

இந்திராணிக்கு அதை மறுக்க வழியில்லை. “நீங்க மட்டும் எனக்குப் பிடிச்சத ஒரு நாளாவது மென்னிருக்கீங்களா?” என்று கேட்டாள். “தினமும் ரவை உப்புமா. சாயங்காலம் பொட்டுக்கடலை. என் வயிறுன்னு ஒண்ணு இருக்கறதே உங்களுக்கு ஞாபகம் இல்ல.”

தணிகாசலத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “நான் மெல்லாம இருந்தா நீ என்ன பண்ணுவே?” என்று கேட்டுவிட்டார்.

அவள் உள்ளே போனாள். ஒரு பை, அதில் மடித்து வைக்கப்படும் புடவைகள், பையின் ஜிப், தெரு, பேருந்து நிலையம் என்று அவருக்கு வரிசையாகத் தெரிந்தன. கடலூர் பேருந்தின் படிக்கட்டு தெரிந்தபோதுதான், அவள் தன் தங்கை செண்பகவல்லி வீட்டுக்குப் போகிறாள் என்று அவருக்குப் புரிந்தது. கூடத்தில் நின்றபடி, அவர் புதுச்சேரி வழியாகக் கடலூர் போய்ச் சேர்ந்தார்.

செண்பகவல்லியின் வீடு தேவனாம்பட்டினத்தில், கடற்கரைக்குப் பக்கத்தில் இருந்தது. இந்திராணி காலையிலும் மாலையிலும் கரையில் உட்கார்ந்தாள். தணிகாசலம் அலைகளுக்கு நடுவே தன் சமையலறையைத் துழாவி உப்புமா கிளறினார். கட்டுமரங்கள் கரையேறும்போது குளிர்சாதனப் பெட்டியில் முட்டிக்கொண்டார். ஒருநாள், தங்கையிடம் பேசிக்கொண்டிருந்தவள் சுவரிலிருந்த காலண்டரில் பொங்கலுக்கு அடுத்த வேலை நாளைப் பார்த்தாள். வெகு நேரம் அதையே பார்த்தாள். காப்பீட்டு அலுவலகம் திறக்கும் நாள் அது.

பிரித்துக்கொள்ளத்தான் போகிறாள் என்று நினைத்தார். அந்த நினைப்பு அவரை வீம்பாக்கியது. மறுநாள் அவர் எதையும் மெல்லவில்லை. அடுப்பையே பற்றவைக்கவில்லை.

மத்தியானம் வரை கடல் தெரிந்தது. பிறகு அது அணைந்தது. இந்திராணி கண்ணை மூடிக்கொண்டுவிட்டாள்.

தூங்குகிறாள் என்று முதலில் நினைத்தார். ஆனால் தூங்கும்போது அவளுடைய கனவுகள் கொஞ்சம் மங்கலாக அவருக்கும் வரும். இப்போது எதுவும் வரவில்லை. இறுக்கி மூடிய இமைகளுக்குள் இருக்கும் கருப்பு மட்டுமே இருந்தது. தணிகாசலம் நாற்காலியில் உட்கார்ந்தார். வயிறு காந்தியது. அது தன் பசியா, அவள் பசியா என்று அவரால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. அங்கே ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு பட்டினி கிடக்கிறாள் என்ற எண்ணம் வந்ததும் அவரால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. அவளுக்குப் பிடித்ததை மெல்லலாம் என்று எழுந்தார். எழுந்த பிறகுதான், அவளுக்கு என்ன பிடிக்கும் என்று தனக்குத் தெரியாது என்பது தெரிந்தது.

தொலைபேசியைத் தடவி எடுத்து மைத்துனிக்கு அழைத்தார்.

“சொல்லுங்க மாமா.”

“உங்கக்கா எப்படியிருக்கா?”

“கல்லு மாதிரி உக்காந்திருக்கா. கண்ணத் தொறக்க மாட்டேங்கறா. மோரு குடுத்தேன், வேணாம்னுட்டா.”

தணிகாசலம் தொண்டையைச் செருமினார். “அவளுக்கு என்னம்மா பிடிக்கும்? சாப்பிட?”

“இத இப்பதான் கேக்கறீங்களா மாமா?” என்றாள் செண்பகவல்லி. “பனங்கிழங்கு. சின்ன வயசுல நார் நாரா கிழிச்சு வெச்சுக்கிட்டு ஒரு கட்டு முழுசையும் ஒருத்தியே தின்னுடுவா. பல்லு ஆட ஆரம்பிச்சதும் விட்டுட்டா.”

பனங்கிழங்கு தணிகாசலத்துக்கு ஆகாது. பல்லிடுக்கில் நார் சிக்கிக்கொள்ளும் என்று அவர் அதை வீட்டுக்குள்ளேயே விட்டதில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, கதவைப் பூட்டிவிட்டு, அந்தக் கருப்புக்குள் இறங்கி நடந்தார்.

கடைத்தெருவுக்குப் போகும் சாலை அவர் நின்று போட வைத்தது. பாலாற்று மணல் கிடைக்காமல் நின்றுபோன இடம், மழையில் தார் பிடிக்காத இடம், சிறுபாலத்துக்கு மேல் லேசாகத் தூக்கிக்கொண்ட இடம் எல்லாம் காலுக்குத் தெரிந்தன. ஆனாலும் அவருக்குப் பயமாக இருந்தது. வண்டிகள் உரசிக்கொண்டு போயின. யாரோ ஒருவர் தோளைப் பிடித்து ஓரமாக நிறுத்திவிட்டுப் போனார். மார்கழிக் கடைசி என்பதால் கிழங்கு வந்திருந்தது. வேகவைத்த வாசனை வந்த இடத்தில் அவர் நின்றார்.

“கண்ணு வெளியூரு போயிருக்குதா சார்?” என்று விற்கிற அம்மாள் கேட்டாள்.

“ஆமாம்மா. கடலூர்ல இருக்கு.”

“இப்பிடி உக்காருங்க. மஞ்சளும் உப்பும் போட்டு வேகவெச்சது. நடு ஈர்க்க எடுத்துட்டுத் தரவா?”

“குடும்மா.”

தணிகாசலம் அவள் தள்ளிவிட்ட மரப்பலகையில் உட்கார்ந்து மென்றார். நார் பல்லில் சிக்கியது. அவர் நிறுத்தவில்லை. அவசரப்படாமல், மாவும் இனிப்பும் இறங்கும்வரை ஒவ்வொரு வாயையும் அரைத்து விழுங்கினார். ஒரு கிழங்கு முடிந்ததும் இன்னொன்றுக்குக் கை நீட்டினார். தாடை வலித்தது. யாருக்காகவும் இப்படி ஒரு வேலையைத் தான் செய்ததில்லை என்று அவருக்குத் தோன்றியது.

மூன்றாவது கிழங்கின் பாதியில் வெளிச்சம் வந்தது.

முதலில் செண்பகவல்லி வீட்டுத் தரை தெரிந்தது. தரை நகர்ந்தது. ஒரு நடை, ஒரு கதவு, ஒரு பீரோ. பீரோவில் பதித்த கண்ணாடியின் முன்னால் போய் அந்தப் பார்வை நின்றது.

தணிகாசலம் மெல்லுவதை நிறுத்திவிட்டார். காப்பீட்டில் சேர்ந்த நாளிலிருந்து அணிலையும் புடவைகளையும் கடலையும் பார்த்திருந்தாரே தவிர, இந்திராணியை அவர் பார்க்கவில்லை. அவள் கண்ணாடி பார்க்கும் வழக்கம் இல்லாதவள். இப்போது அவள் நின்றாள். முன்நெற்றியில் நரை கூடியிருந்தது. பல்லில்லாத கன்னம் உள்ளே ஒடுங்கியிருந்தது. கண்ணுக்குக் கீழே அழுத தடம் இருந்தது. அவருக்காகத்தான் அவள் அசையாமல் நிற்கிறாள் என்று தெரிந்தது. தன்னைக் காட்டிக்கொண்டு நின்றாள். உதட்டோரத்தில் ஏதோ ஒட்டியிருப்பது போல விரலால் துடைத்துக்கொண்டாள். பிறகு, ‘மெல்லுங்க’ என்பதாகத் தாடையை அசைத்துக் காட்டினாள்.

அவர் மென்றார்.

“ஒரு கட்டு போடவா சார்?” என்று அந்த அம்மாள் கேட்டாள்.

“போடும்மா. வீட்டுக்கு வேணும்.”

பொங்கல் கழிந்த முதல் வேலை நாளில் இந்திராணி புறப்பட்டாள். அவருக்குக் காப்பீட்டு அலுவலகத்தின் வாசல் தெரிந்தது. ரெஜினாவின் முகம் தெரிந்தது. அவள் வாய் அசைவது தெரிந்தது. பேச்சு கேட்கவில்லை. இந்திராணி கையெழுத்துப் போடும்போது மட்டும் நிமிர்ந்து மின்விசிறியைப் பார்த்தாள். எதில் போட்டாள் என்பது அவருக்குத் தெரியவில்லை. அவர் பேருந்து நிலையத்துக்குப் போய் நின்றுகொண்டார்.

பேருந்து திரும்பியபோது, கூட்டத்துக்கு நடுவில் கசங்கிய சட்டையோடு ஒரு கிழவர் வலது பக்கம் சாய்ந்து நிற்பதைப் பார்த்தார். அது தான்தான் என்று புரிய ஒரு கணம் ஆயிற்று. அதற்குப் பிறகு பார்வை அவரை விட்டு நகரவில்லை. அவர் பெரிதாகிக்கொண்டே வந்தார்.

“எளைச்சுட்டீங்க,” என்றாள் இந்திராணி பக்கத்தில் வந்து.

“பிரிச்சுட்டியா?”

“புதுப்பிச்சுட்டேன். புதுப்பிக்கறவங்களுக்கு இந்த வருஷம் மூக்கும் உண்டாம்.” அவள் பார்வை பின்னால் திரும்பிக் கீழே இறங்கியது. அவளுக்குப் பின்னால் ஒரு நாய் பேருந்திலிருந்து நிதானமாக இறங்கியது. முகவாய் நரைத்திருந்தது. “இவங்க லைலா. போலீஸ் மோப்பப் பிரிவு. போன மாசம்தான் ரிடையர் ஆனாங்க. நமக்கு ஒதுக்கியிருக்காங்க.”

“வணக்கம்,” என்றார் தணிகாசலம்.

லைலா டீக்கடை இருந்த திசையில் மூக்கை உயர்த்தினாள். முந்தாநாள் அந்த வழியாக ஒருவர், சட்டைப் பையில் ஏலக்காயோடும் மனசில் பெரிய கவலையோடும் போயிருப்பது மூன்று பேருக்கும் தெரிந்தது.

“அவரைப் பாத்துட்டு அப்புறம் வீட்டுக்குப் போலாம்,” என்றாள் இந்திராணி.

தணிகாசலம் அவள் பையை வாங்கிக்கொண்டார். லைலா முன்னால் நடந்தாள்.