துளசிமணி வீட்டு வானம்

கிளுவம்பாளையத்தில் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் வானத்தைக் காலையில் பறவைகள்தான் கொண்டுவந்து மாட்டும். அந்தந்த வீட்டு வானத்துக்கு அந்தந்த வீட்டுப் பறவைகள். கூலி ஒரு தட்டுக் காய்கறி. துளசிமணி வீட்டுக்குத் தவிட்டுக்குருவி ஏழு, மைனா நான்கு, கொண்டைக்குருவி இரண்டு, ஒற்றைச் செம்போத்து. செம்போத்து வேலை செய்யாது. மேற்பார்வை மட்டும்.

தட்டு தயாரிப்பது அவள் கணவர் சென்னியப்பன். அரிசி மில்லில் மூட்டை சரிந்து விழுந்ததிலிருந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. இரண்டு வருஷமாகப் பின்ஜன்னலோரக் கட்டில்தான். செருப்பு மட்டும் கட்டிலடியில் கிடந்தது. கை நன்றாக ஓடும். கேரட்டை மூன்று தண்ணீரில் அலசி, பூச்சிமருந்து வாடை போயிற்றா என்று முகர்ந்து, பூப்போலத் துருவுவார். பூசணியை வேகவைத்து அலகுக்கு அடங்குகிற அளவில் நறுக்குவார். பச்சைப் பட்டாணியை நசுக்குவார். வெங்காயம், பூண்டு அந்தப் பக்கமே வராது. பிறகு வானம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கு நாள் என்று மிச்சமிருந்தது அதுதான்.

ஊசி போட்டு அவர் கை வீங்கிய ஒரு நாள் துளசிமணி வேலையை ஏற்றுக்கொண்டாள். வெந்த பூசணியை வாயில் போட்டுப் பார்த்தாள். சப்பென்றிருந்தது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று கேட்டு வளர்ந்தவள். வீடு தேடி வருகிறவர்களுக்கு இதையா வைப்பது என்று மனசு கேட்கவில்லை. ஒரு கை உப்பை அள்ளிப் போட்டு, கடுகும் சின்ன வெங்காயமும் தாளித்துக் கொட்டினாள். இத்தனை நாளாக இதுகளைப் பத்தியம் இருக்க வைத்திருக்கிறாரே என்று கணவர்மீது கொஞ்சம் கோபம்கூட வந்தது.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். பறவைகளும் மறக்கவில்லை. மறுநாள் ஒன்றுகூட வரவில்லை. பக்கத்து வீட்டு நீலம் மதில்வரை வந்து கத்தரித்தாற்போல் நின்றது. இந்தப் பக்கம் வெறும் வெளுப்பு. துணி காயவில்லை. அது போகட்டும், சென்னியப்பன் தன்னைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுக்க வைக்கச் சொன்னார். மூன்றாம் நாள் கஞ்சியையும் வேண்டாம் என்றார். செய்ததைச் சொல்லத் துளசிமணிக்கு வாய் வரவில்லை.

பக்கத்து வீட்டுப் பரிமளா வந்து கூப்பிட்டாள். அவள் வீட்டு முருங்கையடியில் ஒரு கொண்டைக்குருவி இறகைச் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்து, தண்ணீர்ச் சட்டியிலிருந்து குடித்துக்கொண்டேயிருந்தது. மூன்று நாளாகக் குடிக்கிறதாம். துளசிமணி அதன் உடம்பைப் பார்த்தாள். உள்ளங்கையில் அடங்கிவிடும். தான் அள்ளிப் போட்ட உப்பும் ஓர் உள்ளங்கைதான். நின்ற இடத்திலேயே அழுதாள்.

வீட்டுக்கு வந்து கட்டிலருகே உட்கார்ந்தாள்.

"உப்புப் போட்டது நாந்தானுங்க. தாளிச்சும் கொட்டிட்டேன்."

சென்னியப்பன் சுவரிலிருந்து தலையை மட்டும் திருப்பினார்.

"அதுகளுக்கு நல்லது எதுன்னு நம்ம நாக்குக்குத் தெரியாது, துளசி," என்றார். "என்னையத் திருப்பி வெய்யி. நீ துருவு, நான் பாக்கறேன்."

பறவைகளிடம் மன்னிப்புக் கேட்க அந்த ஊரில் ஒரே வழிதான். வைக்கிற தட்டில் பாதியை வைத்தவரே அங்கே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். துளசிமணி புழக்கடையில் சம்மணமிட்டு உப்பில்லாத பூசணியைத் தின்றாள். மீந்ததை வெயிலில் ஊசிப்போகும் முன்னே அள்ளி எருக்குழியில் கொட்டிவிட்டுத் தட்டைத் தேய்த்துக் கழுவினாள். மூன்று நாள் அப்படியே. மூன்றாம் நாள் பூசணிக்கென்று ஓர் இனிப்பு இருப்பது அவளுக்குத் தெரிந்தது.

நாலாம் நாள் செம்போத்து வந்தது. தட்டைச் சுற்றி நடந்து, ஒரே ஒரு கேரட் இழையை எடுத்து விழுங்கி, ஊப் ஊப் என்றது. அதன் பிறகுதான் மற்றவை இறங்கின.

சாப்பிட்டு முடித்து அவை வானத்தை இழுத்து வந்தன. தவிட்டுக்குருவிகள் ஏழும் ஓர் ஓரத்தைக் கவ்வியிருந்தன. மைனாக்கள் மூலைக்கு ஒன்று. தேறி வந்த கொண்டைக்குருவி தன் ஜோடியோடு ஒரே ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு கூடவே பறந்தது. மடிப்பு மடிப்பாக, ஈரம் சொட்டச் சொட்ட, நீலம் வேப்பமரத்தைத் தாண்டி ஏறி விரிந்தது. இந்த நேரத்தில் எந்நாளும் அடுப்படியில் நின்றவள் துளசிமணி. ஒருநாளும் இதைப் பார்த்ததில்லை. அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை சின்னது இத்தனை பெரியதைத் தூக்குகிறதே என்று இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள்.

ஆறு நாள் மடித்தே கிடந்ததில் வானம் கொஞ்சம் நீண்டிருந்தது. மாட்டியது போக மிஞ்சியதைப் பறவைகள் ஜன்னல் வழியாக உள்ளே தள்ளிக் கட்டிலடியில் விரித்தன. துளசிமணி கணவரை நிமிர்த்தி உட்கார வைத்து, கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டாள். விரித்த வானத்துக்குள் காலுக்கு எடையில்லை. இரண்டும் லேசாக ஆடின. சென்னியப்பன் குனிந்து பார்த்தார். கட்டிலடியில் கிடந்த அவருடைய செருப்பு அந்த நீலத்துக்குள் வெகு கீழே போய்க்கொண்டிருந்தது. செம்போத்து அதை எடுத்துவர இறங்கியது.