கறுப்பு வேண்டாம்

தகன மண்டப வாசலில் முதலில் வந்து நின்ற மனிதரின் மஞ்சள் ஸ்வெட்டரில் விலைச்சீட்டு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. சொல்லலாமா வேண்டாமா என்று ஹேஸல் யோசிப்பதற்குள் அவருக்குப் பின்னால் ஒரு கூட்டம் படியேறியது. கிளி வரைந்த சட்டை ஒன்று. ரோஜாப்பூப் போட்ட கவுன் ஒன்று. ஒருத்தி போட்டிருந்த பச்சை மழைக்கோட்டு முழங்கையோடு நின்றுவிட்டது. மகளுடையதாக இருக்க வேண்டும். எல்லாருக்கும் ஐம்பது, அறுபது வயது. கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல், பள்ளிக்கூடத்தில் முதல் நாள் கொண்டுவந்து விட்ட பிள்ளைகளைப் போல நின்றார்கள்.

"நீங்கல்லாம் நெவிலோட கார்ப்பெட் கடையில வேலை பார்த்தவங்களா?" என்று கேட்டாள் ஹேஸல்.

"இல்லம்மா," என்றாள் ரோஜாப்பூக் கவுன்காரி. பருத்த தோள், காது நெடுக ஓட்டைகள், ஒன்றிலும் தோடு இல்லை. கையில் ஒரு துணிப்பை. "பெல்ஃபிரியில இருந்து வர்றோம். நான் மார்னி, வாசல்ல நிக்கிறவ. இந்த மஞ்சள் ஸ்வெட்டர் டெஸ்மண்ட், பாட்டுப் போடுறவன்."

அந்தப் பெயர் ஹேஸலுக்குத் தெரியும்.

லீட்ஸ் ரயிலடிக்குப் பின்னால், பழைய கம்பளிக் கிடங்கின் கீழே கரி கொட்டி வைத்திருந்த நிலவறையில் நடக்கும் கிளப் அது. பெல்ஃபிரி, அதாவது மணிக்கூண்டு, என்று பெயர் வைத்துவிட்டுப் பாதாளத்தில் நடத்துகிறார்கள். எண்பதுகளில் வேலையில்லாத பசங்களும் பெண்களும் கறுப்பே உடுத்தி, தலைமயிரைச் சிலுப்பிக்கொண்டு, பிணம் மாதிரி முகத்தை வெளுத்துக்கொண்டு ஆரம்பித்தார்கள். ஒரு குளிர்காலம் தாங்காது என்றது ஊர். பிறகு கிடங்கு மூடி, மேலே அடுக்குமாடி வீடுகள் வந்து, அவற்றில் குடிவந்தவர்கள் சத்தம் தாங்கவில்லை என்று மனுப்போட்டு, அவர்களும் காலி செய்து போய்விட்டார்கள். கிளப் மட்டும் நகரவில்லை.

அவள் தம்பி நெவில் இருபது வயதிலிருந்து சனிக்கிழமை தவறாமல் அங்கே போனான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஞாயிறு மதியம் அவள் வீட்டுக்குச் சாப்பிட வருவான். மண் நிற ஸ்வெட்டர், வாரிய தலை. கண்ணோரத்தில் மட்டும் கழுவியும் போகாத மை ஒரு இழை இருக்கும். "நேத்து எப்படி?" என்பாள். "நல்லாத்தான் போச்சு" என்பான். அதற்கு மேல் அந்த வாயிலிருந்து பிடுங்க முடியாது. இந்தச் சாதுவுக்கு அந்தப் பேய்க் கூட்டத்தில் என்ன வேலை? அந்தக் கேள்வி அவளை இத்தனை காலமும் குடைந்தது. போன வாரம் கடையில் கார்ப்பெட்டைச் சுருட்டிக்கொண்டிருந்தவன் அதன் மேலேயே சாய்ந்துவிட்டான். இனி கேட்பதானால் இவர்களிடம்தான் கேட்க வேண்டும், அதுவும் இன்றைக்கே.

"நீங்க கறுப்புலதான் வருவீங்கன்னு நெனச்சேன்," என்றாள்.

"நீங்கதானம்மா பேப்பர்ல போட்டிருந்தீங்க," என்றார் டெஸ்மண்ட். "கறுப்பு வேண்டாம், பளிச்சுனு வாங்கன்னு."

அவள்தான் போட்டாள். இப்போதெல்லாம் எல்லாரும் அப்படித்தான் போடுகிறார்கள், மனசுக்கு லேசாக இருக்கும் என்று சவ அடக்கக்காரர் சொன்னார். அவளும் ஆரஞ்சு கோட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாள். கறுப்பு இவர்களுக்குத் துக்கம் இல்லை, திருவிழா உடுப்பு என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

"எங்கிட்ட ஏது வேற கலரு?" என்றாள் மார்னி. "தங்கச்சிகிட்ட கடன் வாங்கினேன். என்னைப் பார்த்து அவ சிரிச்ச சிரிப்புல நாய் எழுந்து ஓடிருச்சு."

"உனக்காவது நாய்," என்றார் டெஸ்மண்ட். "எனக்கு பஸ்ல ஒரு பொண்ணு எழுந்து இடம் கொடுத்துச்சு. கறுப்புல போனா ஒருத்தனும் பக்கத்துலயே உக்கார மாட்டான்."

ஹேஸலுக்குச் சிரிப்பு வந்தது. அன்றைக்குச் சிரிப்போம் என்று அவள் நினைக்கவில்லை.

"என் தம்பி அங்க என்னதான் பண்ணுவான்? ஆடுவானா?"

"கம்பத்துக்கிட்ட நின்னு ரெண்டடி முன்னாடி, ரெண்டடி பின்னாடி. அதை ஆட்டம்னு சொன்னா ஆட்டத்துக்கே கோவம் வரும்," என்றாள் மார்னி. "அவன் கண் வரைவான்மா."

"கண்ணா?"

"புதுசா வர்றதுங்க மையைத் தாறுமாறா அப்பிக்கிட்டு வந்து, உள்ள போக வெக்கப்பட்டுட்டு கண்ணாடி முன்னாடியே நிக்கும். நெவில் போய், வா, நான் போட்டு விடறேன்பான். கார்ப்பெட் வெட்டுற கை, நடுக்கமே கிடையாது. ஒவ்வொருத்தருக்கும் மைப் பென்சிலைப் புதுசா சீவித்தான் போடுவான். இங்க நிக்கிறோமே, பாதிப் பேருக்கு முதல் கோடு அவன் போட்டதுதான்."

அப்போதுதான் ஹேஸல் அவர்கள் முகங்களைப் பார்த்தாள். ஒருவர் கண்ணிலும் மை இல்லை. அவள் சொன்ன சொல்லுக்காக அதையும் கழுவிவிட்டு வந்திருந்தார்கள்.

"வீட்டுல ஒரு தடவைகூட அந்த உடுப்போட அவனை நான் பார்த்ததில்ல."

"பஸ் ஸ்டாப்புல அடிச்சாங்கல்ல, அதுக்கப்புறம் உடுப்பை எங்க கிளப் ஆணியிலயே மாட்டிட்டுப் போயிடுவான். மை போட்டிருக்கான்னு அடிச்சானுங்க. பல்லு போச்சே, ஞாபகம் இல்லையா?" என்றாள் மார்னி.

ஏணியிலிருந்து விழுந்ததாகத்தான் நெவில் சொல்லியிருந்தான். உடைந்த பல்லோடு அவன் சூப் குடித்த ஞாயிறுகள் ஹேஸலுக்கு ஞாபகம் வந்தன.

டெஸ்மண்ட் தயங்கிக் கேட்டார். "அவனுக்கு... என்ன போட்டிருக்கீங்க?"

"வெளிர் நீல ஸ்வெட்டர். நான் பின்னினது."

மழைக்கோட்டுக்காரி ஒன்றுமில்லாத புல்வெளியைப் பார்த்தாள்.

"கதகதப்பா இருக்கும்," என்றாள் மார்னி. அவள் கை துணிப்பையை முதுகுக்குப் பின்னால் நகர்த்தியது.

"அதுல என்ன?"

"ஒண்ணுமில்லம்மா."

"மார்னி, காட்டுங்க."

கணுக்கால் வரை வரும் கறுப்பு வெல்வெட் கோட்டு, நெவிலுடையது. முழங்கைகளில் வெளுத்து, கழுத்தில் கைத்தையல் போட்டு, கிளப்பில் புகை கக்கும் இயந்திரத்தின் வாடை ஏறிக் கிடந்தது. ஹேஸல் அதை வாங்கிக்கொண்டு நேரே உள்ளே நடந்தாள். பெட்டியின் மேல் தானே தேர்ந்தெடுத்து வைத்த மஞ்சளும் சிவப்புமான மலர்வளையத்தைத் தூக்கித் தரையில் வைத்தாள். கோட்டை விரித்துப் போட்டாள். அதன் ஒரு பையிலிருந்து பென்சில் சீவுளி உருண்டு விழுந்தது. கையை விட்டுத் துழாவினாள். சீவிச் சீவிச் சுண்டுவிரல் நீளத்துக்குத் தேய்ந்துபோன மைப் பென்சில் ஒன்று.

முன்வரிசையில் உட்கார்ந்தாள்; மார்னியை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள்; பென்சிலையும் சீவுளியையும் நீட்டினாள்.

"இங்கயா? சொந்தக்காரங்கல்லாம் பார்க்கறாங்கம்மா."

"பார்க்கட்டும். எனக்கு யாரும் போட்டு விட்டதில்ல."

மார்னி சீவினாள். ஹேஸலின் மோவாயைத் தூக்கிப் பிடித்தாள். "மேல பாருங்க. இமைக்காதீங்க. இமைக்காதீங்கன்னு சொல்றேன்ல. இது சோப்புக்கெல்லாம் அசையாது, தெரியும்ல?"

"தெரியும்," என்றாள் ஹேஸல்.

அவளுக்குப் பிறகு டெஸ்மண்டுக்கு. பிறகு பென்சில் வரிசை வரிசையாகப் பின்னால் போயிற்று. சீவும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நேரமாகிறது என்று சொல்ல வந்த மண்டப ஊழியர் கதவோரம் நின்றுகொண்டார்.

மறுநாள், ஞாயிறு மதியம், ஹேஸல் உருளைக்கிழங்கை அடுப்பிலிருந்து எடுத்தாள். தட்டை மேஜையில் வைத்ததும் அவள் கணவர் நிமிர்ந்து அவள் கண்ணோரத்தைப் பார்த்தார்.

"நேத்து கழுவலையா?"

"கழுவினேன்," என்று சொல்லிவிட்டு, தட்டை அவர் பக்கம் தள்ளினாள்.