மூன்று சென்டிமீட்டர் குட்டையான குதிரை

அரசாங்கம் எல்லாவற்றையும் மீட்டருக்கு மாற்றச் சொன்ன காலம். ஈப்போவில் எங்கள் குதிரை லாயத்துக்கும் அந்தக் கட்டளை வந்தது. நாங்கள் குதிரையைக் கையால் அளப்பவர்கள். ஒரு கை என்றால் நான்கு அங்குலம். கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேடு வரை அளப்போம். ஏட்டில் 15.2 என்றிருந்தால் பதினைந்து கையும் இரண்டு அங்குலமும். புள்ளிக்குப் பின்னால் மூன்றுக்கு மேல் வராது; நான்கு ஆனால் அது ஒரு கை.

இது எனக்குத் தெரியும். பெருக்கல்தான் தெரியாது. சுங்காய்த் தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நானும் கணக்கும் சமாதானமாகப் பிரிந்துவிட்டோம். அதனால் லாயத்தில் கணக்கு எழுதும் கிராணி கதிரவேலுவிடம் போனேன். ஆறு வருடமாக ஒரே பெஞ்சில் மதியச் சோறு தின்கிறவர்கள் நாங்கள். புள்ளி விஷயத்தை இரண்டு தடவை சொன்னேன். புள்ளிக்குப் பின்னால் பத்தாம் பாகம்தான் வரும், உலகம் முழுக்க அப்படித்தான் என்று சிரித்தான். படித்தவன் சிரித்தால் நான் வாயை மூடிக்கொள்வேன், குடும்ப வழக்கம்.

ஏட்டில் 15.2 என்றிருந்த செவலைக் குதிரைக்கு 154 சென்டிமீட்டர் என்று எழுதினான். அதைப் பினாங்குக்காரர் ஒருவர் வாங்கியிருந்தார். அங்கே டாக்டர் அளந்தபோது 157. பத்திரத்தில் இருப்பது வேறு குதிரை, ஆளை மாற்றி அனுப்பிவிட்டார்கள் என்று லாரியிலேயே திருப்பி அனுப்பினார்கள்.

மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். அடுத்த மாதம் என்னை லாயத்து ஆட்களுக்கு மேலாளாக, மண்டோர் ஆக்குவதாக அவர்தான் சொல்லியிருந்தார். வீடும் சேர்ந்து வரும். மனைவி காளியம்மா ஜன்னலுக்குத் துணிகூட எடுத்துவிட்டாள். கதிரவேலு வாய் திறக்கட்டும் என்று நின்றேன். திறந்தான், என்னைக் காட்டி.

"ஐயாவு சொன்ன கணக்கைத்தான், சேர், நான் எழுதினது. குதிரையப் பத்தி எனக்கென்ன தெரியும்?"

மேனேஜரே குதிரையை அளந்தார். அறுபத்திரண்டு அங்குலம், அதே குதிரைதான். குதிரையின் மானம் அங்கேயே தப்பியது. கணக்குத் தெரியாதவனுக்கு மண்டோர் வேலை எதற்கு என்று சொல்லி, அதை என்னோடு வேலை பார்த்த சின்னையாவுக்குக் கொடுத்தார்.

மதியம் கதிரவேலு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பொரித்த மீனை என் தட்டில் வைத்தான்.

"உனக்கு வேல போகாது மச்சான். எனக்குப் போயிருக்கும்."

"உள்ள போறதுக்கு முன்னாலயே ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா. நானே ஏத்துக்கிட்டிருப்பேன்."

நான் சொன்னது உண்மை என்று அவனுக்குத் தெரியும். எனக்கு ஆறாததும் அதுதான்.

மற்றப் பதின்மூன்று குதிரைகளையும் திரும்பக் கணக்குப் போடச் சொல்லி உத்தரவு. ஏட்டோடு வந்தான். கையும் வேண்டாம், புள்ளியும் வேண்டாம் என்று எல்லாவற்றையும் அங்குலத்திலேயே சொன்னேன். ஐம்பத்தொன்பது. அறுபத்தொன்று. அறுபத்துமூன்று. தலை நிமிராமல் எழுதினான்.

முடிந்ததும் சாப்பிடப் போகலாமா என்று கேட்டான்.

"நீங்க போங்க கிராணி," என்றேன். அவனை நான் முதல்முதலாக 'நீங்க' என்றது அன்றைக்குத்தான்.