இன்னொரு சுற்று

"வாயைத் திறந்து சொல்லுடா! அம்மாகூட நடக்கப் போறியா, இல்ல கார்லயே உக்காந்து போனை நோண்டப் போறியா?"

"கத்தாதக்கா, எல்லாரும் பாக்கிறாங்க."

"பாக்கட்டும்! தனியா நடக்க விடாதீங்கன்னு டாக்டர் சொன்னாரா இல்லையா?"

"மஞ்சள் அம்பு போட்ட வழிக்கா அது! சின்னப் பசங்க ஓடுற பாதை. எப்படிப் போனாலும் சுத்தி இங்கதான் வந்தாகணும். அம்மா என்ன காணாமலா போயிடுவாங்க?"

ஏரிக்கரைப் பூங்காவின் கார் நிறுத்துமிடத்தில் நடக்க வந்தவர்கள் எல்லாரும் நடையை மறந்து நின்றார்கள். ஓசியில் ஒரு சண்டை கிடைக்கும்போது தொப்பையாவது, குறைவதாவது! அக்கா பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். அவள் குரலுக்கு ஹாரன் தோற்றுவிடும். தம்பி மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். தெருவில் அவருக்குப் பெயர் 'ஒரு நிமிஷம்'. கடைக்கு ஆள் வந்தாலும் சரி, பெண்டாட்டி சாப்பிடக் கூப்பிட்டாலும் சரி, அதுதான் பதில். ஊரார் கண்ணுக்கெல்லாம் கண்ணாடி மாட்டியவருக்குப் பெற்றவள் முகத்தை நிமிர்ந்து பார்க்கத்தான் நேரமில்லை.

"விடுடி, அவனுக்கு ஆயிரம் வேலை," என்றாள் அம்மா, தண்ணீர் பாட்டிலைத் தோளில் மாட்டியபடி. "நடக்கப்போறது என் காலு. அவன் எதுக்கு?"

மகன் வாங்கிக் கொடுத்த வெள்ளை ஷூவோடு அவள் மஞ்சள் அம்புக்குறியைப் பார்த்து நடந்தாள். பஸ் எடுக்க நேரமாகிவிட்டதென்று அக்காவும் முணுமுணுத்துக்கொண்டே கிளம்பினாள்.

அக்காவுக்குத் தெரியாத ஒன்று உண்டு. அம்மா தினமும் ஒரு சுற்று முடித்து வந்து கார்க் கண்ணாடியைத் தட்டுவாள். தம்பி தலை நிமிராமல், ஒரு நிமிஷம் என்பதுபோல் ஒற்றை விரலை உயர்த்துவார். அம்மா கொஞ்சம் நிற்பாள். போகிறவர் வருகிறவர் பார்வையில் கையேந்தி நிற்பவள்போல் நிற்கக் கூச்சம். இன்னொரு சுற்றுக்குப் போய்விடுவாள். "அம்மா இப்ப ரெண்டு ரவுண்டு அடிக்கிறாங்க தெரியுமா!" என்று அவர் கடையில் பெருமை வேறு பேசுவார்.

அன்று அக்காவின் மேலிருந்த கோபத்தோடு யாரிடமோ போனில் காய்ந்துகொண்டிருந்தார். கண்ணாடி தட்டப்பட்டது. விரல் உயர்ந்தது. மறுபடி தட்டல். மறுபடி விரல், கூடவே ஒரு "ச்சு". மூன்றாவது முறை யாரும் தட்டவில்லை. அப்பாடா, தொந்தரவில்லை என்றுகூட நினைத்தார்.

போனை வைத்து நெடுநேரம் கழித்துத்தான் இறங்கினார். மஞ்சள் வழியில் அவர் காலெடுத்து வைத்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. பாதிவழியில் அது மேடேறும் என்பதோ, அந்த மேட்டில் ஒரு பெஞ்சு இருக்கிறது என்பதோ அவருக்குத் தெரியாது. அம்மா அதில் ஏரியைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ஒரு ஷூவின் கயிறு அவிழ்ந்து கிடந்தது. குனிந்து கட்ட முடியாமல்தான் உட்கார்ந்தாளோ என்னவோ. அவர் கட்டிவிடக் குனிந்தார். கால் சில்லிட்டிருந்தது.

வீடு முழுக்க ஆட்கள் இருந்தபோது அவர் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடிக்க முடியாமல் அந்த விரலைத் தூக்கிக் காட்டினார். அக்கா கத்துவாள் என்று தெருவே காது கொடுத்துக் காத்திருந்தது. அவள் அந்த விரலையே பார்த்தாள்.

"பாதைதான்டா சுத்தி வரும்," என்றாள், பக்கத்தில் நின்றவர்களுக்கே கேட்காத குரலில்.

இப்போதெல்லாம் அவர் காலையில் நடக்கப் போகுமுன் கார் நிறுத்துமிடத்தில் நிற்கிறார். காருக்குள் போனும் கையுமாக யாராவது உட்கார்ந்திருந்தால் போய்க் கண்ணாடியைத் தட்டுகிறார். "இறங்குங்க சார். கூட நடங்க. கூட்டிட்டு வந்து விட்டா மட்டும் போதாது. பெத்தவங்களுக்கு நம்ம காரோ ஷூவோ வேணாம், நாமதான் வேணும். நான் இதை லேட்டா கத்துக்கிட்டேன்." சிலர் இறங்குகிறார்கள். சிலர் "வேற வேலை இல்லையா?" என்று கண்ணாடியை ஏற்றிக்கொள்கிறார்கள். ஒருத்தர் தலை நிமிராமல் ஒரு விரலைக் காட்டினாராம். அன்று இவர் நடக்கவில்லை. நேரே வீட்டுக்குப் போய்விட்டார்.

அக்கா வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டாள். தம்பியின் பேரைச் சொன்னால் பேச்சை மாற்றுகிறாள். அவருடைய ஒரே மகளும் கல்யாணமாகி, கடல் கடந்து குடியேறிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மேட்டுப் பெஞ்சிலிருந்து அவர் அவளைக் கூப்பிடுகிறார். "ஒரு நிமிஷம்ப்பா" என்கிறாள். அவர் காதிலிருந்து போனை எடுக்காமல், ஏரியைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்.